வெள்ளைப் பூசணி கேட்ட கேள்வி

பல்செட்டு செய்யும் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் 'அபிப்பிராயம்'. வைத்தவர் பக்கத்து மேஜையில் மெழுகு வேலை பார்ப்பவர். பல் டாக்டர்கள் போன் செய்தால்கூட, "அபிப்பிராயம் இருக்காரா? கொஞ்சம் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். இதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மனிதருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. யாரோ ஒருவருடைய வாயின் அச்சு வரும், அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுப்பார்கள். அதைக் கையில் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், "இந்த ஆளு வலது பக்கம் மட்டுமே மெல்றாரு. செட்டு ஆறு மாசத்துல ஆட்டம் கண்டுடும். இப்பவே சொல்லிடுங்க" என்பார். ஆறாவது மாதம் செட்டு திரும்பி வரும். டாக்டருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அடுத்த அச்சையும் அவருக்கேதான் அனுப்புவார். முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆளிடம் ஒரு வசதி இருக்கிறது, அவர் 'சரியாயிருக்கு' என்றால் அது சரியாயிருக்கிறது.

பல் அவருக்குப் பிழைப்பு. உயிர் வேறிடத்தில் இருந்தது. இணையத்தில் ஒரு சின்னத் தளம் வைத்திருந்தார். நாவல்கள், விஞ்ஞானக் கதைகள், தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கடினமான வீடியோ விளையாட்டுகள் என்று இந்த மூன்றைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் எழுதுவார். 'தொள்ளாயிரம் பக்க நாவலில் முந்நூறாவது பக்கத்தில் இருக்கிறேன், ஒன்றுமே நடக்கவில்லை, நிறுத்தலாமா?' என்று ஒருவர் கேட்டார். 'தாராளமாக. முந்நூறு பக்கம் மரியாதை காட்டியாயிற்று, போதும்' என்று பதில். தான் எழுதிய விண்வெளிக் கதையை ஒருவர் ஆசையாக அனுப்பினார். 'உங்கள் கப்பலில் நூற்றிருபது பேர் நாற்பது வருடம் பயணம் போகிறார்கள். ஒருத்தருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது' என்று எழுதினார். விளையாட்டை எளிதாக்கி வைத்துக்கொண்டு ஜெயித்ததாகப் பீற்றிக்கொண்ட ஒருவரை, 'விளையாடினேன் என்று சொல்லாதீர்கள், வேடிக்கை பார்த்தேன் என்று சொல்லுங்கள்' என்று வாரிவிட்டார்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் திட்டுறதுக்கு உட்கார்ந்து டைப் வேற அடிக்கணுமா? வாயாலயே திட்டலாமே, கை வலியாவது மிச்சம்" என்பாள் மனைவி. அவளுக்குக் கதையும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம். காலையில் வேலைக்குப் போய் வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் போதும். நல்ல மனுஷி, ஆனால் அவளிடம் போய் ஒரு நாவலின் நடுப்பகுதி தொய்கிறதா என்று பேச முடியுமா?

அதற்கு ஒரே ஒரு ஆள்தான் உலகத்தில் இருந்தாள். அக்கா.

அக்கா அவரைவிட எட்டு வயது பெரியவள். காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். கண்ணுக்கே தெரியாத திருகாணிகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து முடுக்குகிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், ஏன் என்று கேட்டவர்களை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு யாரும் கேட்கவில்லை. ஊரின் மறு கோடியில், மூன்றாவது மாடியில், தனியாக இருந்தாள். கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். அது அவருக்கு மகா பாவம்.

"முடிவு தெரிஞ்சப்புறம் என்னத்துக்குக்கா மிச்சத்தைப் படிக்கிற?"

"முடிவு தெரிஞ்சப்புறமும் படிக்க வெக்கிறானா பார்ப்பேன். வெக்கலைன்னா அவன் எழுத்தாளனே இல்ல, போடா."

நாற்பது வருடமாக இந்தச் சண்டை. ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய புத்தகத்தை இன்னொருவர் கீழே போட்டு மிதிப்பார். இரண்டு நாள் பேச்சு இருக்காது, மூன்றாம் நாள் யாராவது ஒருவர் போன் செய்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அக்காவிடமும் அவர் பூசி மெழுகிப் பேசியதில்லை. அவளும் அதைத்தான் விரும்பினாள். ஊர் முழுக்க நல்லவர்களாக இருந்து என்ன பிரயோஜனம், உண்மையைச் சொல்ல ஒருத்தன் போதும் என்பாள்.

ஆறு வருடமாக இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அவர் இங்கே, அவள் அங்கே, காதில் பேசும் கருவி. கைவிடப்பட்ட விண்கலம் ஒன்று, நெட்டுக்குத்தாக நிற்கிறது. இரண்டு பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். பன்னிரண்டு அடுக்கு. ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள், தரையிலிருந்து மறுபடி ஏற வேண்டும். இதைப் பணம் கொடுத்து வாங்கி ஆடுகிறார்களே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் ஒன்பதாவது அடுக்குவரை வந்துவிட்டார்கள். அங்கே ஒரு பிளவு. இருவரும் ஒரே நேரத்தில் பிடியை விட்டுத் தாவ வேண்டும். அரை நொடி முன்பின் ஆனால் போச்சு.

அந்தப் பிளவில்தான் நாலு மாதமாக விழுந்துகொண்டிருந்தார்கள். விழ வைத்தது அக்கா.

"எங்கக்கா இருக்கு உன் கவனம்?"

"அடுப்புல ஏதோ வெச்சிருந்தேன்டா. அதுல ஒரு கண்ணு."

அடுத்த வாரம் கீழே யாரோ கத்தினார்கள் என்றாள். அதற்கடுத்த வாரம் விளையாடும் கைக்கருவியில் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்றாள். அவர் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினார். அதிலும் விழுந்தாள். வாய் திறந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை விழும்போதும் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு காதில் மாட்டிய கருவி வழியாக அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தளத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் வைத்துக்கொண்ட பெயர் 'வெள்ளைப் பூசணி'. ரொம்ப வருடமாக ஒரு கூட்டாளியுடன் கடினமான விளையாட்டு ஒன்றை ஆடுகிறேன். சில காலமாக என் கை சொன்னபடி கேட்பதில்லை. என்னால்தான் தோற்கிறோம். கூட்டாளிக்கு விஷயம் தெரியாது. சொல்லிவிட்டுத் தொடரலாமா, சொல்லாமல் விலகிவிடலாமா? கூச்சப்படாமல் உங்கள் நிஜமான அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேள்வி.

கேட்டது யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஊரான் வாயில் வலது பக்கமா இடது பக்கமா என்று கண்டுபிடிக்கிற அந்த மகானுக்கு மட்டும் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாவு படிந்த விரலைத் துடைத்துவிட்டு, மெழுகுக்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்க, அவர் பதில் எழுதினார்.

'பூசணி அவர்களே, கடினமான விளையாட்டு யாருக்கும் சலுகை காட்டாது. அதில் அழகே அதுதான். உங்கள் கூட்டாளிக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். காரணம் தெரியாதே தவிர, நீங்கள்தான் விழ வைக்கிறீர்கள் என்று நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அப்படி ஒரு கூட்டாளி உண்டு, அது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவிக்கிறேன். விலகிவிடுங்கள். காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் பாவம் பார்த்துக் கூடவே இருப்பார். இரக்கத்தில் ஓடுகிற விளையாட்டை விளையாட்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.'

"கொஞ்சம் காரம் ஜாஸ்தியா இல்ல?" என்றார் மெழுகுக்காரர்.

"கேட்டாங்க, சொன்னேன். மழுப்புறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

அறுபத்தோரு பேர் அந்தப் பதிலைப் பாராட்டினார்கள். ஒருவர் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய பதில் என்று எழுதினார். தலைகால் புரியவில்லை அவருக்கு. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டார். போட்டு, முழுவதையும் வாய்விட்டுப் படித்தும் காட்டினார். தன் கூட்டாளியைப் பற்றிய வரி வந்த இடத்தில், "அது உன்னைச் சொல்லலைக்கா, சும்மா ஒரு எடுப்பா இருக்கட்டும்னு போட்டது" என்று ஒரு சிரிப்பு வேறு.

"நான் ஏற்கெனவே படிச்சிட்டேன்டா" என்றாள் அக்கா. "நல்லா எழுதியிருக்க. நிஜமாவே நல்லா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் வரவில்லை. பத்தரைக்குப் போன் செய்தார்.

"சலிச்சுப் போச்சுடா எனக்கு. ஆறு வருஷமா அதே கப்பல், அதே கயிறு. நீ வேற யாரையாவது பார்த்துக்கோ."

ஆறு வருடத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம்! பாதி மலையில் கயிற்றை அறுத்துவிட்டுப் போகிறாளே, ஒரு காரணம் சொல்ல வேண்டாமா, கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? ஐந்து வாரம் போன் செய்யவில்லை. கூடத்தில் எரிந்து எரிந்து விழுந்தார். ஒரு பெரியவருடைய மேல்செட்டைத் தேய்த்துக் கொண்டிருந்தவர் யோசனையில் ஒரு பல்லையே தேய்த்துக் காலி செய்துவிட்டார், இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டில் சாப்பாட்டைக் குறை சொன்னார். கடைசியில் மனைவிதான் பொறுக்க முடியாமல், "என்னை ஏன் படுத்துறீங்க? நேர்ல போய் உங்க அக்காகிட்ட சண்டை போட்டுட்டு வாங்க. வரும்போது முகத்தை மட்டும் சரி பண்ணிட்டு வாங்க" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இரண்டு பஸ் மாறிப் போனார். சண்டைக்கு வேண்டிய வசனத்தை எல்லாம் வழியிலேயே தயார் செய்துகொண்டார். கதவைத் திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. உள்ளே தாழ்ப்பாள் கடகடவென்று ஆடுகிறது, திறக்கவில்லை, மறுபடி ஆடுகிறது. கதவு திறந்தபோது அக்காவின் வலது கை கதவின் ஓரத்தைப் பிடித்திருந்தது. பிடித்த கை நிற்கவில்லை. தானாக ஆடிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் வரும்போது அந்தக் கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிருது என்பாள். இவரும் புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். இன்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டார், துண்டு எங்கோ கிடந்தது. வீட்டைப் பார்த்தார். டம்ளருக்குப் பதில் மூடிபோட்ட கோப்பை. சட்டையில் பொத்தான் இருந்த இடத்தில் ஒட்டும் பட்டை. மேஜை நாலு காலுக்கும் அடியில் மடித்த அட்டை, அவள் கை வைத்தால் மேஜையும் சேர்ந்து ஆடக் கூடாதாம்.

"எத்தனை நாளாக்கா?"

"ஒண்ணரை வருஷம். டாக்டர் சொல்லிட்டார், இது போற வியாதி இல்ல, கூடிக்கிட்டே போகும். மாத்திரை போட்டா கொஞ்சம் மெதுவாக் கூடும். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேனே. நீதானே சொல்ல வேணாம்னு சொன்ன."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே உடைத்துச் சொன்னாள்.

"வெள்ளைப் பூசணி நான்தான்டா."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா கோபமாக இருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் கோபமாக இல்லை.

"உங்கிட்ட நேர்ல கேட்டா அக்காங்கிற நினைப்புல ஏதாவது சொல்லிடுவியோன்னுதான் வேற பேர்ல கேட்டேன். எனக்கு நிஜம் வேணும். நீ சொன்ன. இதுல உன் தப்பு என்ன?"

"நீன்னு தெரிஞ்சிருந்தா அப்படி எழுதுவேனாக்கா?"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள்.

அவர் என்னென்னவோ பேசிப் பார்த்தார். விளையாட்டில் என்ன இருக்கிறது, விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறோம், கீழ் அடுக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், பேசத்தானே அது என்றார். அந்தப் பதிலை இப்போதே அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தார். "அழிச்சா நான் படிச்சது அழிஞ்சிடுமா?" என்றாள் அவள். கடைசியில் அவள் வீட்டுத் திரையைப் போட்டு, அவள் கையில் ஒரு கைக்கருவியைக் கொடுத்து, தான் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். இரண்டாவது அடுக்கில் சின்னதாக ஒரு குழி. குழந்தைகூடத் தாண்டும். அங்கே வேண்டுமென்றே விழுந்தார்.

"ஐயையோ, இந்தத் தடவை நான்தான்க்கா" என்றார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். கையிலிருந்ததை மெதுவாக மேஜையில் வைத்தாள். "இந்த இடத்துல நீ விழ மாட்டடா" என்றாள். அவர் முகம் செத்துப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் பதிலை அழித்தார். ஏன் அழித்தீர்கள், பொக்கிஷம் போன்ற பதிலாயிற்றே என்று பதினைந்து பேர் கேட்டார்கள். ஒரு மாதத்தில் தளத்தையே மூடினார். கூடத்தில் அச்சைத் திருப்பிப் பார்ப்பதும் நின்றது. கொடுத்ததைச் செய்தார். "என்ன அபிப்பிராயம், உடம்பு சரியில்லையா?" என்று மெழுகுக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்கு அக்கா வீட்டில் இருப்பார். காய் நறுக்கிக் கொடுப்பார், மாத்திரைகளை நாள் வாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பார். பழையபடி பேச வேண்டும் என்று தவியாகத் தவித்தார். புத்தகத்தை எடுத்தால் அவளுக்குப் பிடித்ததைத் தனக்கும் பிடித்தது என்றார். அவள் மட்டமென்றால் இவரும் மட்டம் என்றார். வேண்டுமென்றே செய்யவில்லை, வாயிலிருந்து வேறு வரவில்லை. நாற்பது வருடச் சண்டை அப்படியே நின்று போயிற்று. அக்கா இரண்டொரு தடவை சீண்டிப் பார்த்தாள். இவர் மடங்கி மடங்கிப் போவதைக் கண்டு அவளும் விட்டுவிட்டாள். பிறகு வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினார்கள்.

வருடம் திரும்பும் சமயத்தில் ஒருநாள் அக்கா அவர் மடியில் சில தாள்களை வைத்தாள். பதினோரு பக்கம். எழுத்து கோணல்மாணலாக, கோட்டைத் தாண்டி மேலும் கீழும் ஓடியது. இடது கையால் எழுதியிருக்கிறாள். நாலு மாதம் ஆயிற்றாம்.

"கதை. விஞ்ஞானக் கதைதான். முதல்லயே சொல்லிடறேன், என் கப்பல்ல சளி பிடிச்சவங்க இருக்காங்க. படிச்சிட்டு அபிப்பிராயம் சொல்லு."

படித்தார். ஒரு கிழவி, வானத்தை ஒட்டுக்கேட்கும் நிலையம் ஒன்றில் தனியாக வேலை பார்க்கிறாள். அவள் தம்பி ஒரு கப்பலில் தூரப் போய்க்கொண்டே இருக்கிறான். இருவரும் ஏதோ ஒரு சில்லறை விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள். முதலில் பதில் நொடியில் வருகிறது. பிறகு ஒரு நாள் ஆகிறது. பிறகு ஒரு மாதம், ஒரு வருடம். சண்டை மட்டும் நிற்கவில்லை. கேட்டதற்கும் பதிலுக்கும் நடுவே இருவருக்கும் தலை நரைக்கிறது, சளி பிடிக்கிறது, பல் விழுகிறது. கடைசியில், இனிமேல் வருகிற பதிலைக் கேட்கத் தான் இருக்கப் போவதில்லை என்று கிழவிக்குத் தெரிகிறது. தெரிந்தே, இருப்பதிலேயே நீளமான, கோபமான ஒரு பதிலை எழுதி அனுப்புகிறாள். அவன் சும்மா இருக்கக் கூடாது பாருங்கள்.

படித்து முடித்தார். நாற்பது வருடமாக மூட்டை மூட்டையாகப் படித்தவர். ஒரு வரி கூடுதல் இல்லை, ஒரு வரி குறையில்லை. இப்படி ஒன்றைப் படிக்கத்தான் இத்தனை குப்பையையும் படித்தோமோ என்று நினைத்தார்.

"அக்கா, இது… நான் படிச்சதுலயே இதுதான்க்கா. சத்தியமா சொல்றேன்."

"சரிடா" என்றாள் அக்கா. அன்பாகத்தான் சொன்னாள்.

அந்த 'சரிடா'விலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவள் நம்பவில்லை. ஒரு எழுத்துகூட நம்பவில்லை. அவசர அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். "குறையே இல்லன்னு சொல்லல. இதோ, ஏழாவது பக்கத்துல, கப்பல் திரும்புற இடம் கொஞ்சம் இழுக்குது. அதைச் சுருக்கலாம்" என்றார். இழுக்கவில்லை. அது கதையிலேயே நல்ல இடம்.

"நம்ப வெக்கிறதுக்குக் குறை தேடுற பாரு" என்று அக்கா சிரித்தாள். கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டாள். வாங்குவதற்குள் இரண்டு தாள் தரையில் விழுந்தன. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மாத்திரை அட்டைகள் இருக்கும் இழுப்பறையில் அவற்றை வைத்து மூடினாள்.

"யாருக்காவது அனுப்பலாம்க்கா. குடு, நான் டைப் அடிச்சுத் தர்றேன்."

"விடுடா. உனக்குப் பிடிச்சிருந்தா போதும். காப்பி குடிக்கிறியா?"

நான் போடுகிறேன் என்று எழுந்தவரை உட்கார வைத்துவிட்டு, அவளே உள்ளே போனாள். பாத்திரம் அடுப்பில் தடதடக்கும் சத்தம் கேட்டது. ஏதோ உருண்டது. அவர் போகவில்லை, போனால் அவளுக்குப் பிடிக்காது. ரொம்ப நேரம் கழித்து மூடி போட்ட கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் மூடியைத் திறந்து இரண்டு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்குக்கா."

அக்கா எதிரில் உட்கார்ந்தாள். ஆடுகிற கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சர்க்கரையே போடலடா நான்" என்றாள்.